ட்ரெந்த கற்கல்லறைகளைக் கட்டியவர்கள் அரக்கர்கள் அல்லர்

நெதர்லாந்தின் ட்ரெந்த பகுதியிலுள்ள ‘ஹியூனபெட்’ எனும் பெருங்கற்கல்லறைகளை அரக்கர்களே கட்டினார்கள் என்றும், அதற்குப் பழைய ஓவியம் சான்றாக உள்ளது என்றும் ஒரு செய்தி பகிரப்பட்டு வருகிறது. இது தவறு.

அந்த ஓவியம் 1660இல் அப்பகுதியின் பாதிரியாரும் தொழில்முறை சாராத வரலாற்று ஆர்வலருமான யோஹான் பிகார்ட் வெளியிட்ட நூலில் இடம்பெற்றது. பாறைகளின் அளவைக் கண்டு வியந்த அவர், சாதாரண மனிதர்களால் அவற்றை நகர்த்தியிருக்க முடியாது என்று கருதினார். ஆக, அது அவருடைய ஊகத்தின் சித்திரமே தவிர, நேரில் கண்டவரின் பதிவன்று. ஆனாலும் உள்ளூர்த் தொன்மையை அக்கறையோடு எழுதிவைத்த அவரை இகழ்வது நியாயமன்று என்பதே என் கருத்து. 1685இல் டிட்டியா ப்ரோங்கர்ஸ்மா என்ற கவிஞர் போர்கர் ஊரிலுள்ள கல்லறையைத் தோண்டச் செய்தபோது மட்பாண்டங்கள் கிடைத்தன.

இவற்றைக் கட்டியவர்கள் சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் அங்கு கோதுமையும் பார்லியும் பயிரிட்டு, மாடு வளர்த்து வாழ்ந்த தொடக்ககால உழவர்கள். புனல் போல் வாய் விரிந்த கலங்களை வனைந்ததால், அவர்களது பண்பாடு அக்கலத்தின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. ஹாவெல்ட அருகிலுள்ள ஒரு கல்லறையில் மட்டும் 1918ஆம் ஆண்டு அகழாய்வில் 600க்கும் மேற்பட்ட கலங்களின் சிதைவுகள் கிடைத்தன. பாறைகளையும் எவரும் தொலைவிலிருந்து சுமந்து வரவில்லை. பனியூழியில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து நகர்ந்த பனிப்பாளங்களே அவற்றை அங்கு கொண்டுவந்து சேர்த்தன. அருகில் கிடந்தவற்றை அந்த உழவர்கள் இழுத்து அடுக்கினர். இன்று நெதர்லாந்தில் எஞ்சியுள்ள 54 கல்லறைகளில் 52 ட்ரெந்தவில்தான் இருக்கின்றன.