136-வது இனமாக நமக்கு இடம் வேண்டாம்

யாங்கோனில் எங்கள் வட்டாரப் பெரியவர்கள் சிலர் பழைய பேச்சு ஒன்றை மறுபடியும் எடுத்திருக்கிறார்கள். பர்மாத் தமிழரையும் இந்த நாட்டின் தேசிய இனங்களில் ஒன்றாகச் சேர்க்கும்படி என்றைக்காவது மனு கொடுக்க வேண்டுமாம். அரசு அங்கீகரித்த பட்டியலில் 135 இனங்கள் இருக்கின்றன, 136-வதாக நாம் இருந்துவிட்டுப் போகலாமே என்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

அந்தப் பட்டியலை ஒரு முறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். சின் 53, ஷான் 33, கச்சின் 12, கரென் 11, கயா 9, பமார் 9, ரக்கைன் 7, மொன் 1. சீன மொழி பேசும் கொக்காங் மக்கள் ஷான் தலைப்பின் கீழ் வருகிறார்கள். வரட்டும், அதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. ஆனால் யார் உள்ளே, யார் வெளியே என்பதை வரலாறு தீர்மானிக்கவில்லை, ஆட்சியில் இருந்தவர்கள் தீர்மானித்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

1982-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் ஒரு கோடு போட்டது. கி.பி. 1823-க்கு முன் இந்த மண்ணில் குடியிருந்த இனத்தவர் பிறப்பிலேயே குடிமக்கள். ஆங்கிலேயருடன் முதல் போர் மூண்டது 1824-இல். வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலேறி வந்தவர்களையும் அவர்களுடைய வாரிசுகளையும் ஒட்டுமொத்தமாக வெளியே நிறுத்துவதற்காகவே பார்த்துப் பார்த்துப் போட்ட கோடு அது. நெல் அறுக்கவும் துறைமுகத்தில் மூட்டை தூக்கவும் வந்த நம் முப்பாட்டன்கள் அந்தக் கோட்டுக்கு அப்புறம். வட்டிக்கடை வைத்த செட்டியார்களும் அப்புறம்தான். 1930-களின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால் பங்கு நிலம் செட்டியார் கைக்குப் போயிருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அந்தக் கோபத்துக்கு நியாயம் உண்டு. அந்தக் கணக்கை மூட்டை தூக்கியவனின் பேத்தியிடம் தீர்ப்பதில்தான் நியாயம் இல்லை.

பேத்தி என்று சும்மா சொல்லவில்லை. என் அண்ணன் மகளுக்குப் பதினெட்டு வயது ஆனபோது குடியுரிமை அட்டை மாற்றுவதற்கு நான்தான் கூடப் போனேன். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா எல்லோருடைய அட்டை நகல்களும், வீட்டுக் குடும்பப் பட்டியலும், பிறப்புச் சான்றும் ஒரு பிளாஸ்டிக் உறையில். அதில் என் அப்பாவின் பழைய மூன்று மடிப்பு அட்டையும் இருந்தது. ஆண்களுக்குப் பச்சை, பெண்களுக்கு இளஞ்சிவப்பு என்று அந்தக் காலத்தில் கொடுத்த அட்டை. மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டி, டேப்பும் பழுத்துப்போயிருந்தது. எழுத்தர் அதை விரித்துப் பார்த்தார், மடித்தார். பிள்ளையை நிமிர்ந்து பார்த்தார். "எந்த இனம்?" என்றார். அவள் பர்மிய மொழியில், யாங்கோன்காரப் பெண் பேசுகிற அச்சு அசலான பர்மிய மொழியில், இங்கேயே பிறந்தவள் என்றாள். "அதைக் கேட்கவில்லை" என்று சொல்லிவிட்டுக் கலப்பு ரத்தக்காரர்களுக்கான மேசையைக் காட்டினார். பக்கத்து வரிசையில் அவளோடு ஒரே வகுப்பில் படித்த பெண் அரை மணி நேரத்தில் வேலை முடிந்து போய்விட்டாள். எங்களுக்கு மாதக்கணக்கில் ஆனது. தேநீர்ச் செலவு என்று போனதை இங்கே எழுதப் போவதில்லை.

இப்போது கொடுக்கும் அட்டையில் நிறத்துக்கு ஒரு தகுதி உண்டு. முழுக் குடிமகனுக்கு இளஞ்சிவப்பு, இணைக் குடிமகனுக்கு நீலம், இயல்புரிமைக் குடிமகனுக்குப் பச்சை. மூன்றாம் தலைமுறையில் முழுக் குடிமகனாகலாம் என்று சட்டமே சொல்கிறது. மேசைக்கு முன்னால் போய் நின்றால்தான் அந்த மூன்றாம் தலைமுறை எப்போது வரும் என்பது தெரியும்.

எங்கள் தெருவில் இருக்கும் தமிழ் முஸ்லிம் நண்பர் ஒருவரின் கதை இதைவிட மோசம். அவர் மகனுடைய விண்ணப்பத்தில் 'வங்காளி' என்று எழுதினால்தான் கோப்பு நகரும் என்றார்கள். பூர்வீகம் காயல்பட்டினம். அந்தக் குடும்பத்தில் யாரும் வங்காளத்தை எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

பெரியவர்களின் மனு எனக்குக் கசப்பது இங்கேதான். தமிழர் 136-வது இனமாகிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். இந்த நண்பரின் மகனை அதில் சேர்ப்பார்களா? தெலுங்கர்கள்? ஜியாவடி ஊரில் குடியேறிய பீகாரிகள்? வாசற்படியில் காத்திருப்பவன் தனக்குக் கதவு திறந்ததும் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடுகிற வேலை இது. ரக்கைன் மாநிலத்து முஸ்லிம்களான ரோஹிங்கியாக்கள் விஷயத்தில் நம்மவர்கள் பேசிய பேச்சு எனக்கு நினைவிருக்கிறது. 2017-இல் ஏழு லட்சத்துக்கும் அதிகமானோர் வங்கதேசத்துக்கு ஓடியபோது, "அவர்கள் வேறு, நாம் வேறு, நம்மிடம் அட்டை இருக்கிறது" என்று கோயில் பிராகாரத்தில் உட்கார்ந்து சொன்னார்கள். அவர்களை நாடற்றவர்களாக்கிய அதே சட்டம்தான் நம் பிள்ளையை வேறு மேசைக்கு அனுப்புகிறது.

நாடு இல்லாமல் நிற்பது என்றால் என்ன என்பது நமக்குப் புதிதா? 1947 அரசியல் சட்டம் ஓரளவு பெருந்தன்மையோடுதான் தொடங்கியது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் பிறந்து, குறிப்பிட்ட பத்து ஆண்டுகளில் எட்டு ஆண்டுகளாவது இங்கே வாழ்ந்தவர்கள் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளலாம் என்றது. எத்தனையோ பேர் விண்ணப்பிக்கவில்லை. ஊருக்குப் போய்விடலாம் என்று நினைத்தவர்கள் பாதி, எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் மீதி. 1962-இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார், 1964-இல் கடைகள் அரசுடைமையாயின, லட்சக்கணக்கில் கப்பலேறினார்கள். அப்படிப் போனவர்களில் ஒரு கூட்டம் தமிழ்நாட்டில் காலூன்ற முடியாமல், வடகிழக்கு வழியாக நடந்தே பர்மாவுக்குத் திரும்பப் பார்த்தது. எல்லையில் தடுத்துவிட்டார்கள். அவர்கள் மணிப்பூரின் மோரேயிலேயே தங்கி, அங்காள பரமேஸ்வரிக்குக் கோயில் கட்டினார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் பர்மிய ஊரான தமு. எட்டிப் பார்த்தால் தெரியும் தூரம். அங்கே போனால் 'பர்மாக்காரன்', இங்கே இருந்தால் 'கலா', அதாவது இந்தியரை இளக்காரமாகச் சொல்லும் பர்மியச் சொல்.

ரத்தத்தை வைத்துக் குடியுரிமை கொடுக்கும் அரசு, கடமை என்று வரும்போது ரத்தம் பார்ப்பதில்லை. 2010-இல் எழுதி வைத்திருந்த கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை 2024 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஆண்களுக்கு 18 முதல் 35 வயது வரை, பெண்களுக்கு 18 முதல் 27 வரை. ரக்கைனில், குடிமக்களே அல்ல என்று இத்தனை காலம் சொல்லிவந்த ரோஹிங்கியா இளைஞர்களையும் பிடித்துச் சேர்த்ததை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. இதற்கு மேல் நான் எழுதமாட்டேன். முகநூலையே இங்கே வி.பி.என். போட்டுத்தான் திறக்க வேண்டியிருக்கிறது.

தேசிய இனமாகிவிட்டால் பாதுகாப்பு என்று நம்புகிறவர்களுக்கு இன்னொன்று. 2022-இல் எதிரணித் தலைவர்கள் பலருடைய குடியுரிமையை ராணுவ அரசு ரத்து செய்ததாக அறிவித்தது. அவர்களில் பட்டியலில் உள்ள இனத்தவர்களும் இருந்தார்கள். 135-க்குள் இருந்தவர்களுக்கே அந்தக் கதி.

மனு எழுதத்தான் வேண்டும் என்றால் இரண்டே வரி போதும். இங்கே பிறந்த பிள்ளை இந்த நாட்டுக் குடிமகன். அட்டையில் இனம், மதம் என்ற இரண்டு கட்டங்களும் வேண்டாம். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. 1982 சட்டத்தை நீக்கி, பிறப்பை அடிப்படையாக வைத்துப் புதிய சட்டம் கொண்டுவருவோம் என்று, ராணுவ ஆட்சியை எதிர்ப்பவர்கள் அமைத்த தேசிய ஒற்றுமை அரசாங்கம் 2021 ஜூனில் அறிவித்தது. செய்வார்களா என்பதை வந்த பிறகு பார்க்கலாம். ஆனால் மேசையில் அது இருக்கும்போது நாம் போய் 136 கேட்பது பின்னோக்கிய நடை.

"அப்படித் திறந்துவிட்டால் கண்டவனும் உள்ளே வந்துவிடுவான்" என்று ஒருவர் கேட்டார். ஐயா, உங்கள் இரண்டு பையன்களும் எங்கே இருக்கிறார்கள்? ஒருவன் பாங்காக்கில் கட்டட வேலை, இன்னொருவன் மலேசியாவில் ஹோட்டலில். தாய்லாந்து அமைச்சரவை 2024 அக்டோபரில், நெடுங்காலமாக அங்கே வாழ்பவர்களும் அவர்களுக்கு அங்கே பிறந்த பிள்ளைகளுமாக 4,80,000-க்கும் அதிகமானோருக்கு நிரந்தர வசிப்புரிமை, குடியுரிமை நடைமுறையைச் சுருக்க ஒப்புதல் கொடுத்தது. உங்கள் பேரன் அங்கே பிறந்தால் இப்படி ஒரு வழி அவனுக்கும் கிடைக்க வேண்டும் என்று நீங்களே வேண்டிக்கொள்வீர்கள். இங்கே பாஸ்போர்ட் அலுவலக வாசலில் விடியற்காலையிலிருந்து நிற்கும் வரிசை வெளியே போவதற்கான வரிசை. உள்ளே வர யாரும் முண்டியடிக்கவில்லை.