ஏஐ கண்டறியும் மென்பொருள் தவறே செய்யாதா?

கொழும்பில் கம்பஸ் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது: "ஒப்படையை ஏஐ (செயற்கை நுண்ணறிவு) எழுதியதா என்பதை மென்பொருள் நூறு வீதம் சரியாகச் சொல்லும். பிடிபட்டால் பூச்சியம்தான்." முதல் வசனமே பிழை.

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படியொரு கருவியை வெளியிட்டது. அவர்களுடைய சோதனையிலேயே, ஏஐ எழுதியவற்றில் 26 வீதத்தைத்தான் அது பிடித்தது. மனிதர் எழுதியவற்றில் 9 வீதத்தை ஏஐ என்றது. துல்லியம் போதாதென்று அந்த ஜூலையிலேயே மூடிவிட்டார்கள். பெற்றவளுக்கே பிள்ளையை அடையாளம் தெரியவில்லை!

நமக்கு இன்னும் முக்கியமானது வேறொன்று. அதே ஆண்டு அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் பரீட்சைக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளிடம் கொடுத்தார்கள். சராசரியாக 61 வீதம் ஏஐ எழுதியவை என்று முத்திரை குத்தப்பட்டன. அடுத்த சொல்லை எளிதாக ஊகிக்க முடிந்தால் இக்கருவிகளுக்குச் சந்தேகம் வந்துவிடும். வீட்டில் தமிழ் பேசி, எளிய ஆங்கிலத்தில் ஒப்படை எழுதும் வெள்ளவத்தைப் பிள்ளை மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

வேறிடத்திலிருந்து நகலெடுத்ததைக் காட்டும் அறிக்கையோடு இதைக் குழப்பவேண்டாம். அது மூலத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டும். இத்தனை வீதம் ஏஐ எழுதியது என்று கருவி சொல்வது வெறும் ஊகம்.

சரி, எப்படித்தான் நியாயமாகப் புள்ளி போடுவது? விரிவுரையாளர் பிள்ளையை ஐந்து நிமிடம் கூப்பிட்டு, "இந்தப் பந்தியை ஏன் இப்படி எழுதினீர்?" என்று கேட்டாலே பாதி விளங்கிவிடும். (முந்நூறு பேர் வகுப்பில் அது லேசல்ல, உண்மைதான்.) பிள்ளைகளும் வரைவுகளையும் கூகுள் டாக்ஸ் திருத்த வரலாற்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். விசாரணைக்குக் கூப்பிட்டால் காட்டுவதற்கு அதுதான் கைவசம் இருக்கும்.