சீட்டில் 'மண்' என்று மட்டும்தான் இருக்கும்

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகள் கொண்டோ (அடுக்குமாடி வீடு) பார்க்கக் கூப்பிட்டாள். "சித்தப்பா, நீங்க வந்தாத்தான் கணக்கா பேசுவீங்க" என்றாள். கோலாலம்பூர் சான் சோவ் லின் பக்கம். எல்ஆர்டி, எம்ஆர்டி ரயில் இரண்டும் நடக்கிற தூரம். விற்பனை நிலையத்தில் நல்ல ஏர்கோன், இலவச மைலோ, கண்ணாடிப் பெட்டிக்குள் பொம்மைக் கட்டடம், சுற்றிலும் கட்டைவிரல் உயர மரங்கள்.

"இதுக்கு முன்னாடி இங்கே என்னம்மா இருந்துச்சு?" என்று கேட்டேன். விற்பனையைக் கவனித்தது ஒரு தமிழ்ப் பெண்தான், சிரித்த முகம். "பழைய ஸ்டோர், அங்கிள். எல்லாத்தையும் இடிச்சாச்சு."

ஸ்டோர் இல்லை. அந்த வரிசையில் முலாம் பூசும் பட்டறை இருந்தது. என் பெரியப்பா பத்தொன்பது வருடம் அங்கேதான் வேலை பார்த்தார். கார் பம்பருக்கும் மோட்டார் சைக்கிள் புகைக்குழாய்க்கும் குரோம் முலாம். தொட்டியில் இருந்து எடுத்ததும் கண்ணாடி மாதிரி மின்னும், அதில் முகம் பார்த்துத் தலை சீவுவோம் என்பார். தொட்டி அடியில் தங்கும் சேற்றைச் சனிக்கிழமை மாலையில் வாளியில் அள்ளிப் பின்பக்கம் கொட்டுவார்கள். மழை பெய்தால் அங்கே தேங்கும் தண்ணீர் மஞ்சளாக இருக்குமாம். அவருக்கு அடிக்கடி மூக்கில் இரத்தம் வரும். ஒருநாள் டாக்டர் மூக்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் அடிச்சா அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியுதே" என்றாராம். நடுத்தண்டு அரித்து ஓட்டை விழுந்திருந்தது. முலாம் பட்டறைக்காரர்களிடம் உலகம் முழுக்கக் காணப்படும் வியாதி அது.

அந்த மஞ்சளுக்குப் பெயர் ஹெக்ஸாவேலன்ட் குரோமியம், குரோமியத்தின் விஷ வடிவம். மூச்சோடு உள்ளே போனால் நுரையீரல் புற்றுநோய் வரை கொண்டுபோகும். ஈயம் (நான் சொல்வது பழைய பேட்டரியில் இருக்கும் காரீயம்) பெரும்பாலும் மேல் மண்ணில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். இந்தக் குரோமியம் அப்படி இல்லை, தண்ணீரில் கரைந்து நகரும். கோலாலம்பூரில் அந்தப் பகுதிக்குக் கீழே சுண்ணாம்புப் பாறை. உள்ளே பொந்தும் பிளவும் இருக்கும் பாறை. இங்கே கொட்டியது எங்கே போய் எழும்பும் என்று மேலே நின்று சொல்ல முடியாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பழைய பட்டறை நிலத்தில் வீடு கட்டுவதற்கு நான் எதிரி இல்லை. மலையைச் செதுக்கிக் காட்டை வெட்டிக் கட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். இந்த ஊரே வெள்ளீய லம்பத்தின் (சுரங்கத்தின்) மேல் எழுந்ததுதான். தித்திவங்சா ஏரியும் பழைய லம்பக் குட்டைதான். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில் யார்டு இருந்த இடத்தில்தான் 2001-இல் கேஎல் சென்ட்ரல் திறந்தார்கள். குரோமியத்துக்கும் வைத்தியம் இருக்கிறது. இரும்பு சல்பேட் கலந்தால் அது நகராத, விஷம் குறைந்த வடிவத்துக்கு மாறும். கரும்பாலைக் கழிவுப் பாகை மண்ணுக்குள் செலுத்தி, அதைத் தின்னும் கிருமிகளை வைத்தே அந்த மாற்றத்தைச் செய்யும் முறையும் உண்டு. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தானே வைத்தியம்?

மண் ரிப்போர்ட் இருக்கிறதா என்று கேட்டேன். அந்தப் பெண் உள்ளே போய் மேனேஜரைக் கூட்டி வந்தாள். அவர் மரியாதையாகத்தான் ஒரு ஃபைலைக் காட்டினார். அது பைலிங் (அடித்தளத் தூண்) அடிப்பதற்கான ரிப்போர்ட். மண் எத்தனை டன் தாங்கும் என்ற கணக்கு. மண்ணில் என்ன கலந்திருக்கிறது என்பது வேறு ரிப்போர்ட். இரண்டும் ஒன்றுதான் என்று அவர் உண்மையிலேயே நம்பினார் என்று நினைக்கிறேன்.

சட்டம் இல்லாமல் இல்லை. மண்ணை மாசுபடுத்தக் கூடாது என்று 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் சட்டத்தின் 24-ஆவது பிரிவே சொல்கிறது. மாசுபட்ட நிலத்தை எப்படிச் சோதிப்பது, எப்படிச் சுத்தம் செய்வது என்று சுற்றுச்சூழல் துறை 2009-இல் வழிகாட்டியும் போட்டது. வழிகாட்டி என்றால் வழிகாட்டிதான். இந்த வேலையில் துளை போட்டு மண் எடுப்பது இரண்டாவது கட்டம். முதல் கட்டம், பழைய வரைபடங்களைப் பார்ப்பதும் அங்கே வேலை செய்தவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்பதும். தொட்டி எங்கே இருந்தது, எந்த மூலையில் கொட்டினார்கள் என்று தெரியாமல் துளை போட்டால், நல்ல மண்ணாகப் பார்த்து எடுத்துவிட்டு எல்லாம் சுத்தம் என்று எழுதலாம். பெரியப்பாவிடம் இன்றுவரை ஒருவரும் வந்து கேட்கவில்லை.

சரி, அடுத்தது எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். நான் பதினோரு வருடம் மண் லாரிக் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதினேன். கார் நிறுத்த மூன்று மாடி கீழே தோண்டுகிறார்களே, அந்த மண் எங்கே போகிறது? கொட்டிய ரசாயனத்தைச் சுத்தம் செய்யும்போது வரும் மண்ணுக்கு 2005-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளில் தனி எண்ணே இருக்கிறது, எஸ்டபிள்யூ 408. அது நெகிரி செம்பிலான் புக்கிட் நானாஸ் மாதிரி உரிமம் பெற்ற இடத்துக்குத்தான் போக வேண்டும், செலவு அதிகம். சாதாரண மண் என்றால் செலவே இல்லை. தாழ்வான நிலம் வைத்திருப்பவர்கள் "நம்ம பக்கம் ரெண்டு லாரி தள்ளுங்க தம்பி" என்று போன் போட்டுக் கேட்பார்கள்.

ஒருமுறை டிரைவர் அண்ணன் வந்து, "இன்னிக்கு மண்ணு தின்னர் வாடை அடிக்குது, தலை சுத்துது" என்றார். நான் முதலாளியிடம் சொன்னேன். "காத்துல காய்ஞ்சா போயிடும்" என்றார். அன்றைக்கு ஏழு டிரிப். சீட்டில் லாரி நம்பர், நேரம், பொருள் என்று மூன்று கட்டம். பொருள் கட்டத்தில் ஏழு சீட்டிலும் 'மண்' என்று எழுதியது என் கைதான். எல்லாம் ஒரு தாமான் (குடியிருப்பு) ஓரத்துப் பள்ளத்துக்குப் போனது. இப்போது அங்கே பிள்ளைகள் ஃபுட்சால் ஆடுகிறார்கள்.

பேராக் மாநிலம் புக்கிட் மேராவில், கதிரியக்கக் கழிவு விட்ட ஏசியன் ரேர் எர்த் ஆலை 1994-இல் மூடப்பட்டது. அதற்குப் பிறகு அந்த இடத்தைச் சுத்தம் செய்ய 10 கோடி அமெரிக்க டாலர் என்று பத்திரிகைகளில் கணக்கு வந்தது. அங்கே ஊரே திரண்டு நீதிமன்றம் வரை போனது. நாலு பேர் வேலை செய்த பட்டறைக்கு யார் போவார்கள்? தவுக்கே (முதலாளி) இறந்துவிட்டார், கம்பெனிப் பெயர்ப் பலகைகூட இல்லை.

என் கோரிக்கை சின்னது. விலைப்பட்டியலோடு மண்ணில் என்ன கலந்திருக்கிறது என்ற ரிப்போர்ட்டையும் மேசையில் வையுங்கள். தோண்டிய மண் எங்கே போனது என்ற சீட்டையும் சேர்த்து வையுங்கள். அண்ணன் மகள் இன்னும் முன்பணம் கட்டவில்லை. "ரிப்போர்ட் வரட்டும் சித்தப்பா" என்கிறாள். அந்த விற்பனைப் பெண் வாட்சாப்பில் திரும்பத் திரும்ப அதே விளம்பரப் படத்தைத்தான் அனுப்புகிறாள்.

நேற்று பெரியப்பாவைப் பார்க்கச் செந்தூலுக்குப் போனேன். கோயில் திருவிழா நோட்டீசின் பின்பக்கத்தில் பட்டறையை வரைந்து காட்டினார். தொட்டி மூன்று, அமில டிரம் வைக்கும் இடம், பின்கதவு, சேறு கொட்டும் மூலை. எண்பத்தொரு வயதில் கை நடுங்குகிறது, கோடு மட்டும் நடுங்கவில்லை. மேம்பாட்டு நிறுவனத்திலிருந்து யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள். காலையில் கோயிலுக்குப் போய்விட்டுப் பத்து மணிக்கெல்லாம் வீட்டில்தான் இருப்பார்.