மதிப்பெண் போடுகிறவர் நண்பராகும்போது

‘ஆசிரியர் நல்லவராக இருந்தால் போதாதா, மாணவரோடு பழக எதற்கு இந்த எல்லைக்கோடெல்லாம்?’ என்று கேட்பவர்களோடு எனக்கு ஒத்தே போவதில்லை. நல்லவரா கெட்டவரா என்பதல்ல பிரச்சினை, ஒருவர் கையில் மதிப்பெண் இருக்கிறது, இன்னொருவர் கையில் இல்லை.

உளவியலாளர்கள் இதோடு ரொம்ப நாளாக மல்லுக்கட்டுகிறார்கள். அமெரிக்க உளவியல் சங்கம் தன் முதல் நெறிமுறைத் தொகுப்பை 1953இலேயே வெளியிட்டது. இப்போதைய தொகுப்பில் 3.05ஆம் பிரிவு, ஒரே ஆளோடு இரண்டு விதமான உறவு வந்தால் நடுநிலை கெடுமா, சுரண்டலுக்கு இடம் உண்டா என்று பார்க்கச் சொல்கிறது. இடமில்லை என்றால் தவறில்லை என்றும் அதுவே சொல்கிறது. ஆக, மாணவர் கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டு வருவதை யாரும் குற்றம் சொல்லப்போவதில்லை.

ஆனால் 7.07இல் இந்த நெகிழ்வு கிடையாது. தன் துறையில் படிக்கிற மாணவரோடோ, தான் மதிப்பிடுகிற அல்லது மதிப்பிட வாய்ப்புள்ள மாணவரோடோ பாலுறவு கூடாது, அவ்வளவுதான். ‘வயது வந்தவர்தானே, சம்மதித்தாரே’ என்பதற்கு அங்கே விலக்கு இல்லை. இது உளவியலாளர்களுக்கான விதி, கணக்கு ஆசிரியரைக் கட்டுப்படுத்தாது, சரி. ஆனால் காரணம் அவருக்கும் அப்படியே பொருந்துகிறதே! ஆய்வேட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர் இரவு பதினொன்றரைக்கு வாட்ஸ்அப்பில் ‘இன்னும் தூங்கலையா?’ என்று கேட்கிறார். அந்த மாணவி ஏதோ டைப் செய்கிறாள், அழிக்கிறாள், கடைசியில் ஒரு சிரிப்பு எமோஜி போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைக்கிறாள். அந்த எமோஜியைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இதைவிடக் குறைவாகப் பேசப்படுவது அக்கறையான ஆசிரியர்களின் கதை. ‘உங்கள் வாழ்க்கையின் பெரிய வலியை எழுதுங்கள்’ என்று அசைன்மென்ட் கொடுத்துவிட்டு அதற்கு மார்க்கும் போடுகிறார்கள், பத்துக்கு ஆறு! குடும்ப விவகாரம், பட்ட கொடுமை இதையெல்லாம் சொல்லும்படி மாணவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 7.04இல் இருக்கிறது, விதிவிலக்குகள் மிகச் சில. படிப்பின் பகுதியாகவே மாணவர் உளச்சிகிச்சை எடுக்க வேண்டியிருந்தாலும், அவரை மதிப்பிடுகிற ஆசிரியர் அதைக் கொடுக்கக் கூடாது என்கிறது 7.05.

அதற்காக அழுதுகொண்டு வரும் பிள்ளையை ‘விதி இடம் தராது’ என்று விரட்டச் சொல்லவில்லை. காது கொடுத்துக் கேளுங்கள், ஆலோசகரிடம் கூடவே போய் விட்டுவிட்டு வாருங்கள். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கும், அதை அந்தப் பிள்ளை வாயைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.