வலியின்மை மட்டும் போதிய உறுதியல்ல

“முலைக்காம்பு உள்ளே இழுத்திருப்பது பலருக்கும் இயல்புதான், வலி இல்லையென்றால் மருத்துவரிடம் போகத் தேவையில்லை” என்று சிலர் சொல்வதில் முதல் பாதி சரி, இரண்டாம் பாதி ஆபத்தானது. பிறவியிலேயோ பருவமடைந்த காலத்திலிருந்தோ காம்பு உள்ளடங்கியிருந்து, இத்தனை ஆண்டுகளாக மாறாமல் இருந்தால், அது பெரும்பாலும் உடலமைப்பின் வேறுபாடு மட்டுமே. ஆனால் முன்பு வெளியே நீண்டிருந்த காம்பு, குறிப்பாக ஒரு பக்கத்தில் மட்டும், புதிதாக உள்ளிழுக்கப்பட்டு, விரலால் வெளியே எடுக்க முடியாதபடி நிலைத்துவிட்டால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதை மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். மார்பகப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதால், வலியை அளவுகோலாகக் கொள்வதே தவறு.

பால்நாளங்கள் விரிவடைதல், அழற்சி போன்ற புற்றுநோயல்லாத காரணங்களாலும் இம்மாற்றம் வரலாம் (புகைப்பவர்களிடம் பால்நாள அழற்சி கூடுதலாகக் காணப்படுகிறது). எது காரணம் என்பதைக் கண்ணாடி முன் நின்று தீர்மானிக்க இயலாது, அதற்கு நேரடிப் பரிசோதனையும், தேவைப்பட்டால் மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) அல்ட்ராசவுண்டும் வேண்டும். அழுத்தாமலேயே ஒரு காம்பிலிருந்து இரத்தம் கலந்தோ தெளிந்த நீராகவோ கசிவது, தோலில் குழிவு, புதிய கட்டி ஆகியவை இருந்தால் தள்ளிப்போடவே கூடாது. களிம்புக்கு ஆறாத, படைபோலத் தோன்றும் காம்புப் புண், பேஜெட் நோய் எனப்படும் அரிய வகை மார்பகப் புற்றுநோயாகவும் இருக்கக்கூடும். இவை ஆண்களுக்கும் பொருந்தும்.