எவிடன்ஸை எண்ணக்கூடாது

தம்பி: அன்ரி, விசாக் கடிதத்தில் ஒரு பிழை இருக்கிறது. எவிடன்ஸுக்குக் கடைசியில் எஸ் போடக்கூடாது.

அன்ரி: ஏன், எஸ்ஸுக்குத் தனிக் காசா?

தம்பி: அதில்லை. எவிடன்ஸ் எண்ண முடியாத பெயர்ச்சொல். இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர், அட்வைஸ் மாதிரி. எவ்வளவு இருந்தாலும் எவிடன்ஸ்தான்.

அன்ரி: நான் 43 தாள் கொண்டுவந்திருக்கிறேன் தம்பி.

தம்பி: தாளை எண்ணலாம். எவிடன்ஸை எண்ணக்கூடாது.

அன்ரி: போட்டோக் கொப்பி என்ன விலை?

தம்பி: தாளுக்கு 15 ரூபாய்.

அன்ரி: அதை எண்ணாமல் வாங்குவாயா?

(இடம், திருகோணமலை மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட ஒரு கொமினிகேசன், அதாவது கொப்பி எடுக்கிற கடை. எனக்குப் பின்னால் நான்கு பேர். கையிலிருந்த கரண்ட் பில்லை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றேன். தம்பி சொன்னதெல்லாம் சரிதான். எரிச்சலே அதுதான்.)

தம்பி: எண்ணித்தான் சொல்லவேண்டுமென்றால் 'பீஸ் ஒஃப் எவிடன்ஸ்' என்று போடலாம். ஒரு துண்டு எவிடன்ஸ்.

அன்ரி: கேக் வெட்டின படம் இருக்கிறது. அதையே துண்டென்று போடு.

தம்பி: அதோடு, 'வி புரூஃப்' என்று எழுதியிருக்கிறீர்கள். புரூஃப் பெயர்ச்சொல். வினையாக வந்தால் புரூவ்.

அன்ரி: மகள் எழுதித் தந்தது. எஃப்போ வியோ, அவளுக்கு விசா வந்தால் போதும்.

தம்பி: அப்புறம், புரூஃபும் எவிடன்ஸும் ஒன்றில்லை அன்ரி. எவிடன்ஸ் என்றால் நம்பவைப்பதற்காக நாங்கள் காட்டுவது. லத்தீனில் 'பார்' என்ற சொல்லிலிருந்து வந்தது. அவர்கள் அதையெல்லாம் பார்த்து, இனிச் சந்தேகமில்லை என்று ஆனால்தான் அது புரூஃப்.

அன்ரி: நாங்கள் காட்டினால் எவிடன்ஸ். அவன் தலையாட்டினால் புரூஃப்.

தம்பி: ஓம், ஓம்! விளங்கிவிட்டதே!

அன்ரி: விளங்காமல் என்ன? தாலி கட்டினது கோணேசர் கோயிலில். கல்யாணம் நடந்ததா என்று முடிவாவது லண்டனில்.

தம்பி: படங்கள் நல்லாயிருக்கின்றன. இதில் மான் ஒன்றும் நிற்கிறதே.

அன்ரி: கோயிலால் இறங்கி வரும்போது கோட்டைக்குள்ளே எடுத்தது. பொம்பிளை, மாப்பிள்ளை, மான். மாப்பிள்ளையின் பெரியப்பாகூட அவ்வளவு கிட்ட வந்து நிற்கவில்லை.

தம்பி: மான் விட்னஸ் ஆகாது அன்ரி.

அன்ரி: கேட்டால் பொய் சொல்லாது. வந்தவர்களில் அப்படி எத்தனை பேர்? சரி, இதைச் சொல்லு. வோட்டர் புரூஃப் என்றால் என்ன?

தம்பி: தண்ணீர் உள்ளே போகாது.

அன்ரி: புல்லட் புரூஃப்?

தம்பி: குண்டு உள்ளே போகாது.

அன்ரி: அப்போ மரேஜ் புரூஃப் என்று அவர்கள் கேட்பது, கல்யாணம் கட்டினவள் உள்ளே வராமலிருக்கத்தானே?

தம்பி: அது வேறே புரூஃப்! அந்தச் சொல்லுக்குப் பழைய பொருள் சோதனை. சோதித்துப் பார்த்துத் தாங்கியது என்று அர்த்தம். புடிங்கின் புரூஃப் தின்பதில் இருக்கிறது என்று இங்கிலிஷில் பழமொழியே உண்டு. வட்டிலப்பம் நல்லதா என்று தின்று பார்த்தால்தானே தெரியும்?

அன்ரி: 400 பேர் தின்றார்கள் தம்பி. சமையல்காரனின் பில் 31ஆவது தாளில் இருக்கிறது. பார்.

தம்பி: நம்பரைச் சொல்லாதீர்கள் அன்ரி, எவிடன்ஸை...

அன்ரி: எண்ணக்கூடாது. தெரியும்.

(இந்தச் சண்டை இன்னும் இரண்டு சுற்று ஓடியது. அதை விட்டுவிடுகிறேன்.)

தம்பி: உங்களுடைய கல்யாணப் படம் ஒன்றும் வைத்தால் நல்லது. குடும்பப் பின்னணி காட்டும்.

அன்ரி: ஒரே ஒரு அல்பம் இருந்தது. 2004 மார்கழி 26ஆம் திகதி கடல் வந்து கொண்டுபோனது. அது வோட்டர் புரூஃப் இல்லை.

தம்பி: ...

அன்ரி: அதற்குப் பிறகு ஒரு கந்தோரில் கேட்டார்கள், அல்பம் கடலோடு போனதற்கு என்ன அத்தாட்சி என்று. கடலைக் கூட்டிக்கொண்டு போகவா முடியும்?

தம்பி: கவலைப்படாதீர்கள் அன்ரி. நான் சட்டமும் படிக்கிறேன். எங்கள் நாட்டுச் சான்றுக் கட்டளைச் சட்டம் 1895ஆம் ஆண்டிலே வந்தது. அதில் மூன்று சொல் இருக்கிறது. புரூவ்ட், டிஸ்புரூவ்ட், நொட் புரூவ்ட். நொட் புரூவ்ட் என்றால் பொய் என்று அர்த்தமில்லை. இப்படியும் இல்லை, அப்படியும் இல்லை, அவ்வளவுதான்.

அன்ரி: எங்கள் கல்யாணம் மூன்றாவதா?

தம்பி: சட்டப்படி பார்த்தால்...

அன்ரி: நாற்பது வருடமாக ஒரு நொட் புரூவ்டுக்குச் சமைத்துப் போடுகிறேன். உப்புக் கூடினால் மட்டும் அந்த மனுசன் அங்கேயே புரூவ்ட் என்கிறார்.

(பின்னால் நின்ற நான்கு பேரும் சிரித்தார்கள். தம்பி முகத்தை இயந்திரத்துப் பக்கம் திருப்பிக்கொண்டான்.)

தம்பி: அப்போ எஸ்ஸை எடுத்துவிடவா?

அன்ரி: எடு. எடுத்ததற்குக் காசைக் குறை.

தம்பி: இந்தாங்கள் கொப்பி. எல்லாம் 660 ரூபாய்.

அன்ரி: 43 தாளுக்கு 645 தானே?

தம்பி: இல்லை அன்ரி, 44 இருக்கிறது. இரண்டு தரம் எண்ணினேன்.

அன்ரி: எண்ணினாய்!

660 ரூபாயை மேசையில் வைத்துவிட்டு, வென்ற முகத்தோடு கோப்பைத் தூக்கிக்கொண்டு போய் ஓட்டோவில் ஏறிவிட்டார். என் முறை வந்தபோதுதான் மேசையைப் பார்த்தேன். என்னுடைய கரண்ட் பில்லைக் காணவில்லை.