அம்மாவின் முழங்கால் வலி யாருக்கெல்லாம் தெரிய வேண்டும்?

அம்மா சிங்கப்பூரில் ஈசூன் வீட்டில் மாவாட்டும்போதுகூடக் கைப்பேசியை பிஸ்கட் டின்னில் சாய்த்து வைத்து ஏதாவது பார்த்துக்கொண்டிருப்பார். போன மாதம் முழங்கால் வலிக்கு ஒரு வீடியோ பார்த்திருக்கிறார். ஒன்றே ஒன்றுதான். அன்று சாயங்காலத்திலிருந்து எதைத் திறந்தாலும் மூட்டுத் தைலம், முழங்கால் பட்டை. "நான் யாருகிட்டயும் சொல்லலையேப்பா" என்றார். டாக்டரிடமே வலியைச் சொல்லக் கூச்சப்படுகிற மனுஷி. எனக்குக் கோபம் அடங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அவர் போனில் நியூபைப் போட்டுக்கொடுத்தேன். ஆண்ட்ராய்டுக்கான திறந்தமூலச் செயலி, அதாவது அதன் நிரலை யாரும் திறந்து பார்க்கலாம். யூடியூப் வீடியோக்களை கூகள் கணக்கு இல்லாமலே பார்க்கலாம். எந்தெந்தச் சேனலைத் தொடர்கிறோம், எதையெல்லாம் பார்த்தோம் என்ற பட்டியல் போனுக்குள்ளேயே இருக்கும். நம் ஐபி முகவரி (இணையத்தில் நம் இணைப்பைக் காட்டும் எண்) யூடியூபுக்குத் தெரியத்தான் செய்யும், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். விளம்பரம் வராததால் வீடியோ போடுபவருக்கு வருமானமும் கிடைக்காது. அது எனக்கு உறுத்தல்தான். அம்மாவுக்குப் பிடித்த சமையல் சேனல் பணம் கட்டி உறுப்பினராகும் வசதி வைத்திருந்தால் சேர்ந்துவிடுவேன்.

இது பிளே ஸ்டோரில் கிடைக்காது. திறந்தமூலச் செயலிகளுக்கென்றே இருக்கும் எஃப்-டிராய்டிலிருந்து எடுக்க வேண்டும். இங்கேதான் சிங்கப்பூரில் நம்மவர்கள் பயப்படுகிறார்கள், பயத்தில் நியாயமும் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த ஏபிகே கோப்பை, அதாவது செயலியை நிறுவும் கோப்பைப் போட்டு வங்கிச் சேமிப்பைப் பறிகொடுத்தவர்கள் இங்கே உண்டு. 2024 பிப்ரவரியில் சைபர் பாதுகாப்பு அமைப்புடன் சேர்ந்து கூகள் இங்கே ஒரு சோதனைத் திட்டம் தொடங்கியது: இணையத்திலிருந்து இறக்கும் செயலி குறுஞ்செய்தியைப் படிக்கவோ திரையைக் கட்டுப்படுத்தவோ அனுமதி கேட்டால் நிறுவவே விடாது. அதனால் யார் அனுப்பிய லிங்க்கையும் தொடாதீர்கள். செயலி என்ன அனுமதி கேட்கிறது என்று பாருங்கள். வீடியோ பார்ப்பதற்கு எதற்குக் குறுஞ்செய்தி?

இவையெல்லாம் நிலையானவை என்றும் சொல்ல மாட்டேன். ட்விட்டரைக் கணக்கில்லாமல் படிக்க நிட்டர் இருந்தது. அது நம்பியிருந்த விருந்தினர் கணக்கு வழியை 2024 தொடக்கத்தில் ட்விட்டர் அடைத்ததும் பெரும்பாலான நிட்டர் தளங்கள் படுத்துவிட்டன. நியூபைப்பும் சில நாள் மக்கர் செய்யும். அப்போது புதுப்பிப்பு வரும்வரை பொறுக்க வேண்டியதுதான். அம்மா பொறுத்துக்கொள்கிறார்.

இதை முகநூலில்தான் எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் எல்லாரும் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் அப்பா அம்மா போனில் போட்டுத்தர ஆள் வேண்டுமென்றால் ஞாயிறு காலை தேக்கா பக்கம் வாருங்கள். ஒரு தே தாரிக் குடித்து முடிப்பதற்குள் போட்டுக் காட்டிவிடலாம்.